ஆடும் அவதானமும்

நன்னூல் படித்தவர் எவரும் ஆட்டை மறப்பதில்லை. மாணாக்கர் இலக்கணம் கூறப் புகுந்த பவணந்தி முனிவர் எட்டு உவமைகளை நிரல்பட நிறுத்தினார். அன்னமும் பசுவும் தலையாய மாணாக்கருக்கு. மண்ணும் கிளியும் இடையாயவருக்கு. ஓட்டைக் குடம், ஆடு, எருமை, பன்னாடை என்னும் நான்கும் கடையாயவருக்கு. ஆடு ஒரு செடியில் நின்று வயிறார மேய்வதில்லை. இங்கே ஒரு கொழுந்து, அங்கே ஒரு துளிர் என்று கடித்துக் கடித்து ஓடும். ஒன்றிலும் நிலையாது பலவிடத்தும் நுனிப்புல் மேய்பவன் ஆட்டு மாணாக்கன் என்பது உரைவழி வந்த விளக்கம். கொழும்புத்துறையில் இவ்வுவமைக்கு உரை வேண்டியதில்லை. கடற்கரை ஒழுங்கையிற் பத்து நிமிடம் நின்றாற் போதும். வேலிப் பூவரசில் ஒரு வாய், முருங்கையில் ஒரு வாய், மதிலில் ஒட்டிய விளம்பரத் தாளில் ஒரு வாய் என்று உவமையே நடந்து வரும்.

யான் இச்சூத்திரத்தைப் படிப்பிக்கத் தொடங்கி முப்பது ஆண்டு கடந்துவிட்டது. படிப்பித்ததோடு நின்றேன் அல்லேன். வகுப்பிலுள்ள பிள்ளைகளுக்கு அவ்வெட்டுப் பெயரையும் பங்கிட்டுக் கொடுப்பது என் வழக்கம். “எருமை, எழுந்து நில்” என்பேன், வகுப்புச் சிரிக்கும். பெயர் பெற்ற பிள்ளையும் சேர்ந்து சிரிக்கும். ஆதலால் அதிலே ஒரு தீங்கும் இல்லை என்றே எண்ணியிருந்தேன்.

சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில் நாற்பது வயது கடந்த ஒருவர், ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனைக் கையிற் பிடித்தபடி என் வீட்டுப் படலையைத் திறந்து வந்தார். விரல்களில் எண்ணெய்க் கறை. கடலோடும் வள்ளங்களின் இயந்திரங்களைத் திருத்துவது அவர் தொழில். யான் ஆளை மட்டுக்கட்டுமுன் அவரே சொன்னார்:

“ஐயா, என்னைத் தெரியுதோ? நான்தான் உங்கட ஆடு.”

இருவரும் சிரித்தோம். பின்பு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “இவனைப் பெரியாஸ்பத்திரியில காட்டினனான், ஐயா. அவதானக் குறைபாடாம். அது பரம்பரையிலயும் வருமாம். என்னட்டையும் கனக்கக் கேட்டுப்போட்டு, எனக்கும் சின்னனில அதுதான் இருந்திருக்கும் எண்டு டொக்டர் சொல்லுறார். இவனுக்குத் தமிழ் மட்டும் நீங்கள் சொல்லிக் குடுக்கவேணும். ஆனா, இவனை ஆடு எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ.”

அவர் போன பின்பு நெடுநேரம் திண்ணையில் இருந்தேன். 1993ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது.

அது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலம். இரவிலே ஜாம் போத்தல் விளக்கில் எழுதுவோம். பகலிலே காது வானத்தில் இருக்கும். யான் புதிதாகப் பணியேற்ற பள்ளிக்கூடம் ஒன்றில் அவன் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை. நன்னூல் ஐந்தாம் வகுப்புக்கு உரியதன்று. ஆயினும் அதன் விலங்குகளை யான் எவ்வகுப்புக்கும் ஓட்டிச் செல்வேன். அன்று அவனை விறாந்தையில் முழங்காலில் நிறுத்தியிருந்தேன். குற்றம், பாடம் நடக்கையில் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே நாங்கள் செய்யுளை ஓசையிட்டுப் படிக்கிறோம். “பொம்மர் வருது” என்று விறாந்தையிலிருந்து ஒரு குரல். வேறு எவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. யான் அதட்டினேன். அவன் மறுபடியும் கத்தினான். பிள்ளைகள் என் சொல்லுக்குக் காத்திராமற் பதுங்குகுழிக்கு ஓடினார்கள். எல்லோரும் இறங்கிய பின்னரே அவ்விரைச்சல் என் காதில் விழுந்தது. குண்டு எங்கோ அப்பால் விழுந்தது. எங்களுள் ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லை. மறுநாள் அவனை அழைத்து ஒரு நல்ல சொற் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உத்தரவின்றி எழுந்து ஓடியதற்காக வகுப்பைக் கண்டித்தேன் என்பதே என் ஞாபகம்.

இக்கோளாற்றைப் பற்றி உளமருத்துவரிடம் கேட்டும் நூல்களிற் பார்த்தும் யான் அறிந்ததைச் சுருக்கிச் சொல்வேன். 1845இல் ஹைன்றிக் ஹொஃப்மன் என்னும் ஜேர்மனிய மருத்துவர், தம் பிள்ளைக்கென எழுதிய படப்புத்தகத்தை அச்சிற் கொணர்ந்தார். அதிலே உணவு மேசையில் ஓரிடத்தில் இருக்கமாட்டாத பிலிப் என்னும் பையன் விரிப்போடு பாத்திரங்களையும் இழுத்து விழுத்துகிறான். 1902இல் ஜோர்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர் லண்டனில் ஆற்றிய விரிவுரைகளில் இத்தகைய பிள்ளைகள் சிலரை விவரித்தார். அவர் அதனை ஒழுக்கத்தை ஆளும் ஆற்றலில் நேர்ந்த குறையென்று கொண்டார். 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் அவதானக் குறைபாடு என்னும் பெயரை இட்டது; 1987இல் மிகையியக்கத்தையும் அப்பெயரோடு சேர்த்தது. உலகெங்கும் பிள்ளைகளுள் நூற்றுக்கு 5 பேரளவில் இஃது உண்டென்பர். தாய் தந்தையரின் வளர்ப்புப் பிழையால் வருவதன்று. அறிவுக் குறைவும் அன்று. இன்னொன்றையும் நம்மவர் கருதவேண்டும். போரின் உளப்பாதிப்புகளைப் பற்றிப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் ஒரு நூலே எழுதினார். அச்சமும் இழப்பும் கண்ட பிள்ளைக்கும் மனம் ஓரிடத்தில் நில்லாது. அது வேறு, இது வேறு. இரண்டையும் பிரித்தறிதல் மருத்துவர் வேலை. வாத்தியார் வேலை அன்று.

எனக்கு வியப்பாயிருந்தது மருத்துவர் வழங்கிய சொல். அவதானம்! தமிழ்ப் புலவனுக்கு அச்சொல்லைக் கேட்டவுடன் நோய் நினைவுக்கு வராது. அட்டாவதானமும் சதாவதானமும் நினைவுக்கு வரும். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார். ஒருவர் கணக்குக் கேட்பார். ஒருவர் சதுரங்கம் ஆடுவார். ஒருவர் முதுகிலே சிறுகல் எறிவார். ஒருவர் இடையிடையே மணி அடிப்பார். அவதானி எல்லாவற்றையும் உளத்தில் நிறுத்தி, பாட்டை முடித்து, கணக்கைச் சொல்லி, கல் இத்தனை மணி இத்தனை என்று விடையிறுப்பார். நம் மேலைப்புலோலி தந்த நா. கதிரைவேற்பிள்ளை சதாவதானி என்று பெயர் படைத்தவர், திரு. வி. க.வுக்கு ஆசிரியர். கோட்டாறு செய்குதம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்திலே சதாவதானம் செய்து காட்டினார். இவ்விருவரும் வள்ளலாரின் பாடல் அருட்பாவா அன்றா என்ற வழக்கில் எதிரெதிர்ப் பக்கம் நின்றவர்கள் என்பதையும் இடையே சொல்லிவைக்கலாம். நூறு பொருளைச் சேரக் காண வல்லார் இருவர்க்கும் எதிர்ப்பக்கத்து நியாயம் ஒன்று மட்டும் கண்ணுக்குப் படவில்லை போலும்.

பலவற்றில் மனம் செல்வதை ஓரிடத்திற் கலை என்றும் வேறோரிடத்திற் கடை என்றும் சொல்கிறோமே என்ற ஐயம் என்னை விடவில்லை. என் மகள் பேராதனையில் ஆங்கில இலக்கியம் பயின்றவள். இத்தகைய பிள்ளையைப் பற்றிக் கதை எழுதினார் உண்டோ என்று அவளிடம் வினவினேன். “கோளாற்றின் பெயர் சொல்லி எழுதினவை கொஞ்சந்தான், அப்பா. ஆனால் மனிதருடைய அவதானத்துக்கு என்ன நடக்கப்போகிறது என்று முந்தியே யோசித்தவர்கள் விஞ்ஞானப் புனைகதைக்காரர்” என்று சொல்லி, அலுமாரியிலிருந்து ஒரு கட்டுப் புத்தகம் இறக்கி வைத்தாள். என் ஆங்கிலம் மெல்ல நடக்கும் ஆங்கிலம். எங்கே தடுக்கினேனோ அங்கே அவள் கை கொடுத்தாள். மாரி முழுதும் இந்த வாசிப்பிற் போயிற்று.

முதலில் ஈ. எம். போர்ஸ்டர் 1909இல் எழுதிய ‘இயந்திரம் நிற்கிறது’ என்னும் கதை. வருங்கால மனிதர் நிலத்தடியிலே தேன்கூட்டு அறை போன்ற அறைகளில் தனித்தனியே வாழ்கிறார்கள். வேண்டியதெல்லாம் பொத்தானை அழுத்தினால் வரும். வஷ்டி என்னும் அம்மை மகனோடு பேசுவதற்காக மூன்று நிமிடம் தொடர்பை அடைத்துவைத்துத் திறந்தால், அம்மூன்று நிமிடத்தில் தேங்கிய மணியோசையும் கேள்விகளும் வெள்ளமாய் வந்து விழுகின்றன. பெற்ற மகனுக்கே ஐந்து நிமிடந்தான் தரலாம் என்கிறாள். அவள் ஆற்றும் விரிவுரை பத்து நிமிடம். கைத்தொலைபேசி இல்லாத காலத்து மனிதர் இதை எழுதினார் என்பதை எண்ணுந்தோறும் திகைப்பாயிருக்கிறது.

அடுத்தது ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’. 1953இல் வந்தது. நூல்களை எரிக்கும் நாடு. அந்நாட்டார் காதிலே சிப்பி போன்ற சிறு வானொலியைச் செருகியபடி உறங்குகிறார்கள். வீட்டுச் சுவர்களே பேசும் படங்கள். நூலெரிக்கும் தொழிலை வெறுக்கத் தொடங்கிய மொன்டாக், சுரங்கப் புகையிரதத்தில் விவிலியத்தைக் கையில் வைத்துக்கொண்டு சில வரிகளையேனும் மனனம் செய்ய முயல்கிறான். பற்பசை விளம்பரம் ஒன்று பெட்டி முழுதும் அதிர்கிறது. ஒரு சொல் உள்ளே போனால் விளம்பரம் அதனை வெளியே தள்ளுகிறது. ஈற்றில் அவன் எழுந்து நின்று கத்துகிறான். பயணிகள் அவனைப் பைத்தியம் போல நோக்குகிறார்கள். இவ்விடத்தை யான் மூன்று முறை படித்தேன். வகுப்பிலே ஒரு பிள்ளை காகத்தின் குரலும், துவிச்சக்கர வண்டி மணியும், அடுத்த வாங்கின் கிசுகிசுப்பும் சமவலியோடு மோத, இவற்றிடையே என் குரலைப் பற்றிக்கொள்ள முயல்வது இப்படித்தான் இருக்குமோ? மருத்துவர் ஆம் என்றார்: “அவதானம் இல்லையெண்டில்லை, ஐயா. எல்லாத்திலையும் போகுது. எதை விடுறது எண்டதுதான் அதுக்குத் தெரியாது.” அந்நாவலின் கடைசியில் நகரத்துக்கு வெளியே இருப்புப் பாதையோரம் ஒரு கூட்டம் வருகிறது. ஒவ்வொருவரும் ஒரு நூலை நெஞ்சிலே ஏற்றி அந்நூலாகவே வாழ்பவர். பண்டிதன் ஒருவனுக்கு இதைவிட உவப்பான முடிபு வேறில்லை; சூத்திரங்களை நெட்டுருப் பண்ணிய எங்கள் கூட்டத்துக்கு அங்கே ஓரிடம் நிச்சயம் உண்டு.

கேர்ட் வொனெகட் 1961இல் எழுதிய ‘ஹரிசன் பெர்ஜரன்’ சிறுகதை; சில பக்கந்தான். காலம் 2081. சட்டத்தால் எல்லோரும் சமமாக்கப்பட்டுள்ளனர். அறிவு மிகுந்தவர் காதிலே அரசாங்க வானொலி ஒன்றை அணியவேண்டும். அஃது இருபது விநாடிக்கு ஒருமுறை போல ஒரு கொடிய ஓசையை எழுப்பி, நினைவு ஓடும்போதே அதனை அறுக்கும். தந்தை ஜோர்ஜுக்கு அவ்வானொலி உண்டு. தாய் ஹேசலுக்கு வேண்டியதில்லை. அவள் சிந்தனை தானாகவே துண்டுதுண்டாய் அறும். அவர்களுடைய பதினான்கு வயது மகன் தளைகளை அறுத்துத் தொலைக்காட்சியிலே தோன்றி ஆடுகிறான், சுட்டு வீழ்த்தப்படுகிறான். தாய் அதனைக் கண்ணாற் காண்கிறாள். அடுக்களைக்குப் போய் மீண்ட தந்தை, ஏன் அழுதாய் என்று கேட்கிறான். அவளுக்கு ஞாபகமில்லை, ஏதோ துக்கமான ஒன்று என்கிறாள்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அவதானியின் பக்கத்தில் அடிக்கும் மணியையும் ஜோர்ஜின் காதில் அடிக்கும் ஓசையையும் சேர்த்து எண்ணிப் பார்த்தேன். அவதானிக்கு ஒவ்வொரு மணியும் ஓர் எண்ணிக்கை. ஜோர்ஜுக்கு ஒவ்வோர் ஓசையும் ஒரு வெட்டு. ஆயினும் இக்கதையில் யான் ஒப்பாத ஒன்றுண்டு. ஹேசலை ஆசிரியர் மந்தமதியுடையவளாகப் படைத்தார். அவதானம் அறுவதும் அறிவு குறைவதும் ஒன்றென்று வாசகர் கொள்ள அஃது இடங்கொடுக்கிறது. இதே பிழையைத்தான் யான் பிரம்போடு நின்று செய்தேன். வொனெகட் கேலிக் கதை எழுதினார். எனக்கு அந்தச் சாட்டும் இல்லை.

1956இல் இலங்கைக்கு வந்து 2008இற் கொழும்பிலே காலமான ஆர்தர் சி. கிளார்க்கையும் விடலாகாது. 1968இல் வந்த ‘2001’ என்னும் அவர் கதையில் ஹால் என்றொரு கணினி வருகிறது. திரைப்படத்தில் அது சதுரங்கம் ஆடுகிறது, உரையாடுகிறது, கப்பல் முழுவதையும் கவனிக்கிறது. கண்ணாடிக்கு அப்பால் உதடசைவைப் பார்த்தே பேச்சை அறிகிறது. இரும்பிற் செய்த அட்டாவதானி! அது சிதைவது பல பணி சுமந்ததால் அன்று. உண்மை சொல்லப் பழக்கிய இயந்திரத்துக்கு ஒன்றை ஒளிக்கும்படி கட்டளையிட்டார்கள்; அம்முரண் அதனை உடைத்தது. வீட்டிலும் பள்ளியிலும் தம் இயல்பை ஒளித்து ஒளித்தே களைத்துப்போகும் பிள்ளைகளை இது நினைவூட்டிற்று.

என்னை மிக அச்சுறுத்திய நூல் வேர்னர் விஞ்சி 1999இல் வெளியிட்ட ‘வானிலே ஓர் ஆழம்’. அதிலே ஒரு கொடுங்கூட்டம், மூளையிற் புகுத்திய கிருமியொன்றை ஆட்டிவைத்து, மனிதரை ஒரே பொருளில் ஒன்றிக் கிடக்கும்படி செய்கிறது. அவர்கள் உண்பதையும் உற்றாரையும் மறந்து அப்பணியே கதியாகிறார்கள். டிரிக்சியா பொன்சொல் என்றொரு பெண். (பெயரைக் கண்டு தமிழ்ப் பெண்ணோ என்று ஒருகணம் மயங்கினேன்.) அவள் மொழியறிஞர். வேற்றுலகச் சிலந்தி இனத்தின் மொழியை ஆராய்ந்து பெயர்ப்பதே அவளுக்கு இரவும் பகலும். காதலித்தவன் எதிரே நின்றாலும் அவளுக்குப் பொருட்டில்லை. எழுதிய பாவை போல அடங்கியிருந்து கேட்கவேண்டும் என்று மாணாக்கனுக்கு விதித்தாரே நன்னூலார், அந்தப் பாவை இதோ என்று தோன்றிற்று. வேறொன்றுந் தோன்றிற்று. ஒரு சொல்லுக்கு ஏட்டிலே பாடபேதம் தேடி இரவிரவாக இருந்த நாள்களில் என் வீட்டார் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பர்?

இந்நூல் வினையாயிற்று. அவ்வேளையில் அந்தத் தந்தை ஒரு மாத்திரைத் துண்டோடு வந்து என் மதி கேட்டார். மீதைல்பெனிடேற் என்னும் மருந்து. “குடுத்தா இவன்ர குணம் மாறிப்போடுமோ, ஐயா? எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எங்க பிழையெண்டு சொல்லுவான். அது போயிடுமோ?” டிரிக்சியா என் கண்முன் நின்றாள். கொடுக்கவேண்டாம் என்ற சொல் நுனிநாக்கு வரை வந்துவிட்டது. நல்லகாலம், சொல்லவில்லை. அடுத்த கிழமை இருவருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். மருத்துவர் சிரித்தார். இத்தகைய ஊக்கமருந்துகள் இப்பிள்ளைகளை அமைதிப்படுத்துகின்றன என்பதைச் சார்ல்ஸ் பிராட்லி என்னும் மருத்துவர் 1937இலேயே கண்டெழுதினார் என்றும், இம்மாத்திரையின் வேகம் நான்கு மணி நேரமளவில் அடங்கிவிடும் என்றும், பசி குறைவது போன்ற பக்கவிளைவுகளைத் தாம் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். “இது ஆளை மாத்திற மருந்தில்லை. சுக்கானை அவன்ர கையில குடுக்கிறது. வள்ளத்தை அவன்தான் ஓட்டவேணும்” என்றார். தொழிலறிந்து உவமை சொன்னார். தந்தைக்கு உடனே விளங்கிற்று. கதையை மெய்யென்று கொண்டு மருந்தை விலக்க இருந்த பண்டிதன் வாயடைத்து நின்றேன்.

மகள் கடைசியாகத் தந்தது ரிக் ரையர்டன் 2005இல் தொடங்கிய பேர்சி ஜாக்சன் கதைகள். விஞ்ஞானப் புனைகதை அன்று, புராணக் கற்பனை. ஆயினும் இதிலேதான் கோளாறு தன் பெயரோடு வருகிறது. இக்கோளாறு இருந்த தம் மகனுக்காக அவர் சொல்லத் தொடங்கிய கதை அது. கிரேக்கத் தெய்வங்களின் பிள்ளைக்கு மனம் ஓரிடத்தில் நில்லாதது போர்க்களத்து விழிப்பாம். 1993இன் விறாந்தைக் குரலை எண்ணி, இது மெய்யென்றே சொல்லவிருந்தேன். தந்தையிடம் சொன்னபோது அவர் ஏற்கவில்லை. “அண்டைக்குப் பொம்மர் கேட்டது சரி, ஐயா. ஆனா நான் மூண்டு வேலை விட்டனான். சாமான் வாங்கப் போய் வெறுங்கையோட வருவன். மனிசி எவ்வளவு அழுதிருக்கிறா. அதை ஆர் கதையில எழுதினது?” ஒருவரும் எழுதவில்லை. கதைக்காரர் பெரும்பாலும் அவதானத்தை ஒருவன் திருடுவதாகவோ, ஒருவன் விலங்கிடுவதாகவோ காண்கிறார்கள். திருடன் இல்லாத வீட்டிலே பிறந்தநாள் தொட்டுக் கதவு திறந்தே கிடப்பதை, அவ்வீட்டுக்காரரின் சிறிய வெட்கங்களை, அவர்கள் எழுதியது சொற்பம்.

பையன் இப்போது கிழமைக்கு மூன்று நாள் வருகிறான். திண்ணையில் இருத்திப் பார்த்தேன், ஆகவில்லை. பின்பு இறங்குதுறைப் பக்கமாக நடந்துகொண்டே படிப்பிக்கலானேன். இந்த வயதில் எனக்கு முழங்கால் நோகிறது. அவனுக்குப் பாடம் ஏறுகிறது. நான்கடி வெண்பா ஒன்றைச் சென்ற வாரம் தொடங்கினோம். இரண்டடி வந்தது. மறுநாள் அவ்விரண்டில் ஒன்று போயிற்று. நேற்று மழைக்குணமாயிருந்தபடியால் திண்ணையிலேயே இருந்தோம். மூன்றாம் அடியில் நின்றான்.

“என்ன யோசனை?” என்றேன்.

“ஏழு வள்ளம் போச்சு, ஐயா. கடைசி வள்ளத்தில எஞ்சின் பிழை. அப்பாட்டைச் சொல்லவேணும்.”

எனக்கு ஒரு வள்ளமும் கேட்கவில்லை. மூன்றாம் அடியைச் சொல்லிவிட்டுப் போ என்றேன். சொன்னான், ஒரு சீர் பிழை. திருத்துவதற்குள் படலையைக் கடந்துவிட்டான். செருப்பு இரண்டும் திண்ணையடியிற் கிடந்தன.